சிக்னல்மேனுக்கு ஈஸ்டர் சாப்பாடு

தம்மில் வைத்து இறக்கிய மட்டன் பிரியாணியை மிக்ஸியில் போட்டு அரைக்கிற ஒருத்தியை ராயபுரம் அதுவரை கண்டதில்லை. உயிர்த்த ஞாயிறு அன்று காலை பத்து மணிக்கு, பூசைக்குக் கட்டிய பட்டுப்புடவையைக்கூட மாற்றாமல், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஞானசெல்வி அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

சத்தம் கேட்டு மாடி வீட்டு ஜானட் இறங்கி வந்தாள். சமையலறை வாசலிலேயே வாயைப் பிளந்து நின்றாள்.

"அக்கா, இன்னா பண்றே? பிரியாணிய சட்னியாட்டம் ஆட்டிகினு கீறே?"

"உங்க மாமாவுக்குடி. எது குடுத்தாலும் கூழாட்டம் குடுக்கணும்னு டாக்டரு சொல்லிக்கிறாரு."

"அதுக்குக் கஞ்சி காச்சி எடுத்துகினு போறது. பிரியாணி இன்னா பாவம் செஞ்சுது?"

"பண்டிகை நாள்ல கஞ்சி குடிக்கிற ஆளாடி அவரு? அரைச்சாலும் பிரியாணி பிரியாணிதான். மோந்து பாரு."

ஜானட் குனிந்து மோந்து பார்த்தாள். பட்டையும் கிராம்பும் புதினாவும் எங்கேயும் போய்விடவில்லை. "வாசன கீதுக்கா. மூஞ்சிதான் இல்ல" என்றாள். சிரித்தாள். சிரித்த வேகத்திலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

ஞானசெல்வி சிரிக்கவில்லை. அவள் புடவை மடிப்பில் நான்காக மடித்த ஒரு காகிதம் இருந்தது. அதில் அவள் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தை நர்ஸ் ரிஃபானா பென்சிலால் வட்டமிட்டுக் கொடுத்திருந்தாள். நாளை திங்கட்கிழமை. காலை பத்து மணிக்கு டாக்டர் வருவார். கையெழுத்துப் போட்டால், அவள் கணவர் சாலமோனின் வயிற்றில் துளையிட்டு ஒரு குழாயைச் செருகுவார்கள். அதற்குப் பிறகு சாப்பாடு என்பது அவருக்கு ஒரு ஊசிக்குழலில் ஏறி இறங்குகிற வெள்ளைத் தண்ணீர். நாக்குக்கு வேலை இல்லை. மணத்துக்கு வேலை இல்லை. ஊட்டுகிறவளுக்கும் வேலை இல்லை.

நவம்பர் மாதம் ஒரு விடியற்காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்த மனிதர் அப்படியே சரிந்து விழுந்தார். வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போயிற்று. பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் இருந்துவிட்டு, பிறகு திருவொற்றியூரில் உள்ள பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றினார்கள். மூக்கு வழியாகப் போட்ட குழாயை மூன்று முறை பிடுங்கி எறிந்துவிட்டார். மூன்றாவது முறை பெரிய வியாழன் அன்று. மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. இனி மூக்கில் முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"தொண்டை கொஞ்சம் தேறியிருக்கும்மா. வாய் வழியா அரை டம்ளராவது புரையேறாம இறங்கினா நான் வயித்துல கை வைக்க மாட்டேன். ஆனா அவர்தான் கரண்டியக் கண்டாலே தட்டிவிடுறாரே. வேற வழி இல்ல."

துபாயில் இருக்கிற மகன் வில்சனும் போனில் அதையே சொன்னான். "டாக்டர் சொல்றபடி செஞ்சிடுமா. பட்டினி போட முடியாதுல்ல?"

முடியாதுதான். இருபத்திரண்டு வருடம் மாநகராட்சிப் பள்ளியின் சத்துணவுக்கூடத்தில் சமைத்தவள் ஞானசெல்வி. ஒரு நாளைக்கு முந்நூறு பிள்ளைகள். வரிசையில் தட்டை நீட்டிய ஒரு பிள்ளையைக்கூட அவள் பசியோடு திருப்பி அனுப்பியதில்லை. அப்படிப்பட்டவளால் ஒரே ஒரு மனிதரின் வாயைத் திறக்க வைக்க முடியவில்லை. அந்த அவமானம் அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

கேரியரின் முதல் அடுக்கில் அரைத்த பிரியாணி. இரண்டாவதில் அரைக்காத பிரியாணி. மூன்றாவதில் சேமியா பாயசம். கொக்கியை மாட்டிக்கொண்டு அவள் நிமிர்ந்தபோது, வாசலில் காலித் தூக்குவாளியோடு ஒருவர் நின்றிருந்தார்.

மஜீது. சாலமோனோடு துறைமுகத்தில் இருபத்தாறு வருடம் வேலை செய்தவர். மஜீது கிரேன் ஆபரேட்டர், சாலமோன் சிக்னல்மேன். ஓய்வு பெற்ற பிறகு மஜீது சொந்தமாக ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அவர் தூக்குவாளியோடு வருவதும், ஒவ்வொரு ரம்ஜானுக்கும் சாலமோன் பாத்திரத்தோடு போவதும் இரண்டு வீட்டுக்கும் பழகிப்போன சங்கதி. ஆனால் இந்த ஐந்து மாதத்தில் மஜீது நண்பரை ஒரே ஒருமுறைதான் வந்து பார்த்தார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம்கூடத் தலைவைத்துப் படுக்கவில்லை.

"வாங்கண்ணே" என்றாள் ஞானசெல்வி. குரலில் தீ இருந்தது. "பிரியாணிக்கு மட்டும் வழி தெரியுது. சீக்காளியப் பாக்க வழி தெரில. அப்டித்தானே?"

"திட்டு தங்கச்சி. நல்லாத் திட்டு."

"திட்டி இன்னா ஆவப்போவுது? அவரு தெனமும் கதவையே பாத்துகினு கீறாரு. யாருக்காவன்னு எனக்குத் தெரியாதா?"

மஜீது தூக்குவாளியைத் தரையில் வைத்தார். "அன்னிக்கு ஆஸ்பத்திரில பாத்தேன் தங்கச்சி. அவன் கை கட்டில் ஓரமா செத்த பாம்பாட்டம் தொங்கிகினு இருந்துச்சு. இருவத்தாறு வருசம் நான் பாத்த கை அது. அதுக்கு மேல பாக்க எனக்குத் தெம்பு இல்ல."

"கையத்தானே பாக்க முடில? மூஞ்சியப் பாருங்க. வண்டிய எடுங்க. இன்னிக்கு அவரு பக்கத்துல குந்திதான் நீங்க துன்னணும். இல்லாட்டி இந்த வூட்டு சோறு ஒங்களுக்குக் கெடயாது."

மஜீது வண்டியை எடுத்தார்.

டோல்கேட்டைத் தாண்டும்போது கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. தலைக்கு மேல் மெட்ரோ போனது. மடியில் கேரியரை வைத்து இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டிருந்தாள் ஞானசெல்வி. ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கியபோது மஜீது முன்னால் பார்த்தபடியே பேசினார்.

"ஏன் தட்டி வுடுறான்? அவன் சாப்பாட்ட வீணாக்குற ஆளு இல்லியே."

"தெரிலண்ணே. ஸ்பூன் கிட்ட போனா அடிக்கிறாரு. என்னியுமே அடிச்சிட்டாரு. கல்யாணம் ஆயி முப்பத்தெட்டு வருசத்துல ஒருநாளும் கை நீட்டாதவரு."

மஜீது வண்டியின் வேகத்தைக் கூட்டினார்.

இல்லத்தின் மாடியில் ஆறு கட்டில்கள். சாலமோனின் கட்டில் ஜன்னலோரம். எட்டிப் பார்த்தால் கடலும், துறைமுகத்துக்குள் நுழைய முறை காத்து நிற்கும் கப்பல்களும் தெரியும். கட்டிலில் கிடந்த உருவம் பாதியாக இளைத்திருந்தது. இடது கையைப் பஞ்சு வைத்துத் துணியால் சுற்றி, பந்து போலாக்கி, கட்டில் கம்பியில் கட்டியிருந்தார்கள்.

மஜீது வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

ஞானசெல்வி கேரியரை மேசையில் வைத்துவிட்டு முதல் வேலையாக அந்தத் துணியின் முடிச்சில் கை வைத்தாள். ரிஃபானா ஓடி வந்தாள். இருபத்துநான்கு வயதுப் பெண். பதினொரு நோயாளிகளை ஒருத்தியாகப் பார்த்துக்கொள்கிறவள்.

"அம்மா, அவுக்காதீங்க. காலைல கஞ்சி குடுத்தேன். கிண்ணத்தோட தட்டிவிட்டுட்டாரு. ட்ரிப்ஸ பிடுங்கிட்டா எனக்குத்தான் திட்டு விழும்."

"நான் பாத்துக்கிறேம்மா. பண்டிகை நாள்ல கட்டிப்போட்ட மனுசனுக்கு என்னால சோறு ஊட்ட முடியாது."

ரிஃபானா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு முடிச்சை அவளே அவிழ்த்தாள். கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி, சாலமோனை நேராக உட்கார வைத்தாள்.

"வில்சனப்பா, ஈஸ்டருங்க இன்னிக்கு. பிரியாணி எடுத்தாந்து கீறேன்."

மூடியைத் திறந்ததும் மணம் கட்டிலைச் சுற்றி நின்றது. சாலமோனின் மூக்கு விடைத்தது. கண்கள் பாத்திரத்தைத் தேடி வந்தன. ஞானசெல்வியின் நெஞ்சு துள்ளியது. அவசரமாக ஒரு கரண்டி அள்ளி வாயருகே கொண்டு போனாள்.

இடது கை எழும்பியது. சடாரென்று வீசியது. கரண்டி பறந்து போய் விழுந்தது. பட்டுப்புடவை முழுதும் பிரியாணி.

இன்னொரு கரண்டி எடுத்தாள். மறுபடி வீச்சு. மணிக்கட்டில் சுளீரென்று பட்டது.

"ஏங்க!" ஞானசெல்வி உடைந்து போனாள். "முந்நூறு புள்ளைங்களுக்கு சோறு போட்டவங்க நானு. என் கையால ஒரு வாய் வாங்க மாட்டீங்களா? வவுத்துல ஓட்ட போடப் போறாங்களே, ஒங்களுக்குப் புரிலியா?"

சாலமோனின் தொண்டையிலிருந்து ஏதோ ஓர் ஒலி வந்தது. கண்கள் நிறைந்திருந்தன. அவரால் வேறென்ன செய்ய முடியும்? ஞானசெல்வி மடிப்பிலிருந்த காகிதத்தைத் தொட்டாள். போதும். போட்டுவிடலாம். இப்போதே போட்டுவிடலாம்.

"தங்கச்சி! அப்டியே நில்லு!"

வாசலிலிருந்து வந்த குரல் அந்த அறையையே அதிர வைத்தது. மஜீது உள்ளே வந்துகொண்டிருந்தார். அவர் பார்வை சாலமோனின் முகத்தில் இல்லை. இடது கையில் இருந்தது.

"இன்னொரு தபா கரண்டியக் கொண்டு வா. மொள்ளமா. வாய்க்குக் கொண்டு போவாத. தூரத்துல நிறுத்து."

அவள் ஒன்றும் புரியாமல் அப்படியே செய்தாள். கரண்டி நகர்ந்தது. சாலமோனின் கை எழுந்தது. உள்ளங்கை தரையைப் பார்க்க விரிந்து, பக்கவாட்டில் சட்டென்று வீசியது. இந்த முறை கரண்டி எட்டத்தில் இருந்ததால் எதன் மீதும் படவில்லை.

மஜீது கட்டிலருகே குனிந்தார்.

"அவன் அடிக்கலம்மா. ஸ்டாப் குடுக்குறான்."

"இன்னாண்ணே?"

"ஸ்டாப்! நிறுத்துன்றான்! கப்பல் வவுத்துல சரக்கு எறங்கும்போது எனக்கு மேல இருந்து ஒண்ணுமே தெரியாது தங்கச்சி. இருவது டன் இரும்புச் சுருளு கம்பில தொங்கும். கீழ எட்டுப் பேரு நிப்பான். கப்பலு மேல்தட்டு ஓரத்துல நிக்கிற இவன் கைதான் எனக்குக் கண்ணு. இவன் கை சொல்லாம சரக்கு ஒரு இஞ்சு எறங்கக் கூடாது. எறங்குனா ஆளு காலி." மஜீது மூச்சு வாங்கினார். "எப்பவும் வலது கையிலதான் குடுப்பான். இது இடது. அதான் எனக்கே இவ்ளோ நேரம் புரில. நீங்க எல்லாம் அவன் சிக்னலு குடுக்காம சரக்க எறக்குறீங்க. வேற இன்னா பண்ணுவான் அவன்?"

ரிஃபானா கையிலிருந்த மருந்துத் தட்டை மெதுவாகப் பக்கத்துக் கட்டிலில் வைத்தாள்.

மஜீது கட்டிலின் கால்மாட்டுக்குப் போனார். அங்கே கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, அறுபத்து மூன்று வயதில், அதன் மேல் ஏறி நின்றார். சாலமோன் தலையை உயர்த்தி அவரைப் பார்த்தார்.

"சாலமோன்! நான் மேல கீறேன்டா. ரெடி!"

அந்த ஒரு சொல்லுக்கு அந்த உடம்பில் நடந்ததை ஞானசெல்வி கடைசி வரை மறக்கப் போவதில்லை. சரிந்திருந்த தோள் நிமிர்ந்தது. கோணிய வாய் இறுகியது. கண்ணில் ஐந்து மாதமாக இல்லாத ஒரு கூர்மை வந்து உட்கார்ந்தது. இடது கை மெல்ல மார்பு உயரத்துக்கு எழுந்தது. ஐந்து விரல்களும் கீழ்நோக்கிக் குவிந்தன. திறந்தன. மறுபடி குவிந்தன.

"மொள்ள எறக்குன்றான். இஞ்சு இஞ்சா. வா தங்கச்சி."

அவள் கரண்டியைக் கொண்டு வந்தாள். விரல்கள் குவிந்து திறந்தன, குவிந்து திறந்தன. கரண்டி உதட்டுக்கு நான்கு விரல்கடை தூரத்தில் இருக்கும்போது உள்ளங்கை விரிந்தது.

"ஸ்டாப்!"

நின்றாள். சாலமோன் மூச்சை இழுத்துவிட்டார். நாக்கை ஒருமுறை சுழற்றி வாயைத் தயார் செய்துகொண்டார். தாடையைத் தாழ்த்தினார். பிறகு விரல்கள் குவிந்தன. கரண்டி இறங்கியது. உதடுகள் மூடின.

உடனே கை இறுகி முட்டியாக மாறியது.

"புடிச்சிக்கோன்றான். எதுவும் அசையக் கூடாது. அடுத்தது எடுக்காத. பேசாத."

முட்டி காற்றில் நின்றது. அவர் கழுத்தில் புடைத்த நரம்பு துடித்தது. தொண்டை முடிச்சு ஏறியது, தயங்கியது, மறுபடி ஏறியது. ஒரு நிமிடம் ஆனது. ஒன்றரை நிமிடம். ரிஃபானா மூச்சைப் பிடித்துக்கொண்டு இருமலுக்காகக் காத்திருந்தாள். இருமல் வரவில்லை. முடிச்சு இறங்கியது. முட்டி தளர்ந்தது. விரல்கள் குவிந்தன.

அடுத்த கரண்டி.

முப்பத்தொரு வருடம் ஞானசெல்வி அவருக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்திருக்கிறாள். துறைமுகத்தின் கேட்டுக்குள் ஒரு நாளும் போனதில்லை. வேலை எப்படி என்று கேட்டால், "சும்மா கைய ஆட்டுறதுதான்" என்பார். அவளும் அதை அப்படியே நம்பியிருந்தாள். தெருவில் யாராவது கேட்டால், "போர்ட்டுல கை காட்டுற வேல" என்று கொஞ்சம் கூச்சத்தோடுகூடச் சொல்லியிருக்கிறாள். இன்றுதான், முதல் முறையாக, தன் கணவர் வேலை செய்வதைக் கண்ணால் பார்த்தாள். அவருடைய பாதி உடம்பு செத்துக் கிடந்தது. நாக்கு செத்துக் கிடந்தது. ஆனாலும் தன் தொண்டை எவ்வளவு தாங்கும், எப்போது தாங்கும் என்று ஒவ்வொரு கரண்டிக்கும் கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது அந்தக் கை. பூசையில் அப்பம் உயர்த்தப்படும்போது தானாகக் குனிகிற அவள் தலை, இப்போதும் தானாகவே குனிந்தது.

பதினான்கு கரண்டிகள். ஒரு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. பதினைந்தாவதுக்கு உள்ளங்கை விரிந்து தரையைப் பார்த்து அப்படியே நின்றது. போதும்.

"அரை டம்ளருக்கு மேலயே போயிருக்கும்மா" என்றாள் ரிஃபானா. "நான் அடிக்கிறாருன்னு எழுதியிருக்கேன். மூணு நாளா அப்படித்தான் எழுதியிருக்கேன். கையக் கட்டினதும் நான்தான்."

"நீ இன்னா பண்ணுவே கண்ணு? கட்டிகினவ எனக்கே தெரில."

நாற்காலியிலிருந்து இறங்கிய மஜீது நண்பரின் பக்கத்தில் உட்கார்ந்தார். சாலமோனின் கை அவர் பக்கம் போகவில்லை. ஞானசெல்வியின் பக்கம் திரும்பியது. அவள் புடவையில் சிந்திக் காய்ந்திருந்த சோற்றை ஒரு விரலால் மெதுவாகத் துடைத்தது. மறுபடி துடைத்தது. பிறகு அடிபட்டுச் சிவந்திருந்த அவள் மணிக்கட்டின் மேல் வந்து படுத்துக்கொண்டது.

"இது இன்னாண்ணே? இதுக்கு இன்னா அர்த்தம்?"

மஜீது முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இது போர்ட்டுல கெடயாது. இது ஒன்க்கு."

ஞானசெல்வி அழுதாள். அவர் கையை எடுக்காமலேயே, வாய்விட்டு, ஐந்து மாத அழுகையையும் அழுது தீர்த்தாள். பக்கத்துக் கட்டில் பெரியவர், "சோறு நல்லா இருந்தாக் குடும்மா, அழுவாத" என்றார். அழுகைக்கு நடுவே எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாவது அடுக்கு திறக்கப்பட்டது. மஜீது சாலமோனின் பக்கத்தில் குந்திச் சாப்பிட்டார்.

ரிஃபானா சாப்பிடவில்லை. சாலமோனுக்கு எதிரே நின்று, மஜீது ஒவ்வொன்றாகக் காட்டக் காட்ட, தன் கையால் பழகிக்கொண்டிருந்தாள். இறக்கு. நிறுத்து. பிடித்துக்கொள். தப்பாகச் செய்தபோது சாலமோன் தலையை ஆட்டித் திருத்தினார்.

"ஆனா ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம்னா, பதினோரு பேர வச்சிக்கிட்டு நான் எப்படிம்மா?" என்றாள் அவள் கவலையோடு.

"காலைல நான் வரேன்" என்றார் மஜீது, வாயில் சோற்றோடு. "ஏழு மணி ஷிப்டு. எனக்குப் பழக்கந்தான்."

"மத்தியானமும் ராவும் நானு" என்றாள் ஞானசெல்வி.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு டாக்டர் வந்தார். காகிதம் கையெழுத்தில்லாமல் மேசை மேல் இருந்தது. ரிஃபானா சொன்னதை எல்லாம் கேட்டார். நம்பவில்லை. முந்தைய நாள் குறிப்பை இரண்டு முறை படித்தார்.

"நானே ஒரு வாய் குடுத்துப் பாக்குறேன். அப்பதான் முடிவு சொல்ல முடியும்."

ஞானசெல்வி கொண்டு வந்திருந்த கேழ்வரகுக் கூழில் ஒரு கரண்டி அள்ளினார். பெரிய டாக்டர். அவர் நீட்டிய கையை யாரும் தடுத்து நிறுத்திப் பார்த்ததில்லை. கரண்டி நேராக வாயை நோக்கிப் போனது.

உள்ளங்கை விரிந்தது. வீசாமல், நிதானமாக, தரையைப் பார்த்து நின்றது.

"சார், நிறுத்துங்க" என்றாள் ரிஃபானா. "அவர் இன்னும் சொல்லல."

டாக்டர் அவளைப் பார்த்தார். அந்தக் கையைப் பார்த்தார். அவருடைய கரண்டி காற்றில் நின்றது. பின்னால் நின்றிருந்த இரண்டு இளம் டாக்டர்களும் அசையவில்லை. சாலமோன் அவசரப்படவில்லை. மூச்சை இழுத்தார். நாக்கைச் சுழற்றினார். தாடையைத் தாழ்த்தினார்.

பிறகு அவருடைய ஐந்து விரல்களும் குவிந்தன. டாக்டர், அங்குலம் அங்குலமாக, கரண்டியை இறக்கினார்.